முகமும் கரையும்: தமிழக நீர்வண்ண உருவப்படங்களில் கைவரை அலங்காரம்

ஒருவரின் முகத்தை நீர்வண்ணத்தில் தீட்டி, அவரது உடையையும் பின்னணியையும் கையால் வரைந்த கோலங்களால் நிரப்புவது இன்று ஓவியம் பயிலும் மாணவர்களிடையே பரவலாக உள்ள முறை. புதிதாகத் தோன்றினாலும் தமிழகத்தில் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரில் உருவான கம்பெனி பாணி ஓவியங்கள், ஸ்டூடியோக்களில் வண்ணம் தீட்டப்பட்ட குடும்பப் புகைப்படங்கள், 20-ஆம் நூற்றாண்டில் எஸ். ராஜம் வரைந்த இசைவாணர் உருவங்கள் ஆகியவை அந்த வரலாற்றின் முக்கியமான நிலைகள். மூன்றிலும் முகத்துக்கும் துணியின் அலங்காரத்துக்கும் இடையே ஓர் இழுபறி நடக்கிறது. அந்த இழுபறியைச் சரியாக அளக்க ஓவியப் பள்ளியின் கண் மட்டும் போதாது. துணியை நெய்தவரின் கண்ணும் வேண்டும். பட்டு நெசவு ஊரான தேவிகாபுரம் இங்கே அளவுகோலாக வருவது அதனால்தான்.

தேவிகாபுரமும் கட்டத்தாளும்

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, போளூர், சேத்துப்பட்டு ஆகிய ஊர்களுக்கு நடுவே உள்ளது. விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும் குன்றின் மேலுள்ள கனககிரீசுவரர் கோயிலும் ஊரின் அடையாளங்கள். ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைக்குப் போகும் சேலைகளில் ஒரு பகுதி இவ்வூர்த் தறிகளில் உருவாகிறது. ஓவியத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அல்ல இது. ஆனால் பட்டுத்தறி உள்ள எந்த ஊரிலும் ஓவியம் ஒரு தொழில்நுட்பமாக வாழ்கிறது.

சேலையின் கரையிலோ முந்தியிலோ வரும் மாங்காயும் மயில்கண்ணும் அன்னமும் முதலில் பென்சிலால் கையால் வரையப்படுகின்றன. பிறகு அந்தக் கோடு கட்டத்தாளுக்கு மாற்றப்படும். ஒரு கட்டம் என்பது பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஓர் இடம். கட்டத்தில் வண்ணம் இருந்தால் அந்த இடத்தில் இழை உயரும், இல்லாவிட்டால் உயராது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை துளையிடப்பட்டு, அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு ஜக்கார்டு பெட்டியின் மேல் ஏறும். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய அமைப்பு இது. கைத்தறிப் பெட்டிகளில் 120, 240 என்று கொக்கிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருப்பதால் ஓவியர் விரும்பிய அகலத்துக்குப் பூவை விரிக்க முடியாது. வளைந்த மாங்காய் கட்டத்தாளில் படிக்கட்டாக மாறும். அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாதபடி வளைவைக் காப்பாற்றுவதே கட்டத்தாள் ஓவியரின் திறமை. இன்று இந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது. படிகளைப் பற்றிய கவலை மட்டும் மாறவில்லை.

நெசவில் அலங்காரம் உடலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தறியில் அது தட்டையானது, எண்ணிக்கைக்கு உட்பட்டது, வரிசை தவறாதது. யாரோ ஒருவர் அதை உடுத்தும்போதுதான் அது வளைகிறது, மடிப்புக்குள் மறைகிறது, முழங்காலில் இழுபடுகிறது. உருவப்படம் வரைபவருக்கு வாய்ப்பது வளைந்த பின் உள்ள துணி. அவர் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இடுப்பு மடிப்புக்குள் நான்கு புட்டாக்கள் போனால், ஐந்தாவது புட்டா எங்கே வெளிவர வேண்டும் என்பது நெய்தவருக்குத் தெரியும். பெரும்பாலான ஓவியர்களுக்குத் தெரியாது. உடுத்திய சேலையில் கரை ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் வெளிப்படும்போது, அது அதே கரையாக இருக்கிறதா என்ற எளிய கேள்வி எத்தனையோ அழகிய படங்களைத் தோற்கடிக்கும்.

கம்பெனி ஓவியங்கள்: துணிக்குப் பெயர் உண்டு, முகத்துக்கு இல்லை

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களும் பாதிரிமார்களும் தாங்கள் கண்ட மக்களின் உருவங்களைத் தொகுப்பாக வாங்க விரும்பினர். அந்தத் தேவைக்காகத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பிற ஊர்களிலும் ஓவியக் குடும்பங்கள் ஐரோப்பியத் தாளில் நீர்வண்ணப் படங்களை வரைந்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் காலம் (1798–1832) இந்தக் கலைக்கு வளமான காலம். பொன்தாளும் கல்லும் பதித்துத் தெய்வப்படம் செய்த அதே மரபினர், அணில் முடித் தூரிகையால் குயவரையும் தட்டாரையும் நெசவாளியையும் தாளில் நிறுத்தினர்.

இத்தொகுப்புகளின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. ஒரு சிறு நிலத்துண்டு, மேலே வெளிர்நீல வானம், நடுவில் கணவனும் மனைவியும். கையில் தொழிற்கருவி. அடியிலோ ஓரத்திலோ சாதிப் பெயர் அல்லது தொழிற்பெயர். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றில் இத்தகைய தொகுப்புகள் பல உள்ளன.

ஒரே தாளில் இரண்டு ஓவிய முறைகள் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முகமும் கைகால்களும் ஐரோப்பிய முறையில் நிழல் கொடுத்து உருட்டப்பட்டிருக்கும். மெல்லிய தீற்றல்களால் கன்னத்தின் ஓரம் கருமையாகும். மூக்கின் ஒரு பக்கம் ஒளி பெறும். ஆனால் துணிக்கு வந்ததும் கை பழைய மரபுக்குத் திரும்பிவிடும். கட்டங்களும் கோடுகளும் கரையும் ஒளிபுகா வண்ணத்தில், ஒரே அடர்த்தியில், சலிக்காத கோட்டில் விழும். முன்கொசுவம் விசிறியைப் போல நேர்கோடுகளாக விரியும்; அதன் அடியில் கரை மடிந்து மடிந்து செல்லும். முகம் ஓர் ஒளியில் நிற்கும். சேலைக்கு ஒளியே கிடையாது.

இதைக் குறை என்று சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. பாதி கற்ற ஐரோப்பிய முறை, பாதி மறந்த இந்திய முறை என்பது பழைய மதிப்பீடு. தறியறிந்த கண்ணுக்கு இந்த மதிப்பீடு தலைகீழானது. துணியின் பகுதியில்தான் இந்த ஓவியர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்கிறார்கள். கரையின் அகலம், முந்தியின் குறுக்குக் கோடுகள், ஆணின் தலைப்பாகை ஓரம், மேல்துண்டின் கட்ட அளவு ஆகியவை ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் வேறுபட்டுக் காட்டப்படுகின்றன. கோலம் இங்கே வெற்றிடத்தை நிரப்ப வந்தது அன்று, அது செய்தி. யார் இவர், என்ன வேலை, எவ்வளவு வசதி என்று துணி சொல்லிவிடுகிறது. பெர்கின் 1856-இல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய படங்கள் இவற்றில் பல என்பதால், சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஆண்ட ஒரு துணி உலகத்தின் சாட்சிகளாகவும் இவை உள்ளன. (ஓவியரின் வண்ணமும் சாயத்தொட்டியின் வண்ணமும் ஒன்றல்ல என்பதை மறந்து, இப்படங்களிலிருந்து நேரடியாக நிறத்தை எடுத்துச் சேலை நெய்ய முயல்வோர் கவனமாக இருக்க வேண்டும்.)

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் படங்களில் முகம் உருவப்படமாக ஆவதில்லை. நிழல் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. ஒரே தொகுப்பில் குயவரின் முகத்தை எடுத்துத் தச்சரின் கழுத்தில் வைத்தால் பெரிய வேறுபாடு தெரியாது. சேலையை மாற்றி வைத்தால் உடனே தெரியும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள 1837-ஆம் ஆண்டு மதுரைத் தொகுப்பு இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு. 72 சாதியினரின் மாதிரிகள் என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு கொண்டது அது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை உருவாக்கிப் பின்னர் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூர், வில்லியம் ட்வைனிங் என்பவருக்கு அதை அன்பளிப்பாகத் தந்தார். தந்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் பதிவாகியுள்ளன. படங்களின் தலைப்பில் இருப்பவை சாதிப் பெயர்கள். மாதிரி என்ற சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இவ்வகைத் தொகுப்புகளில் நெசவாளியும் ஒரு மாதிரியாக நிற்பது வழக்கம். மற்ற எல்லாப் படங்களிலும் உள்ள துணியை நெய்தவர் அவர். தம் படத்தில் அவருக்குப் பெயர் இல்லை. அவரை வரைந்தவருக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை.

தலையில்லாத உடைகளும் பிரிந்துபோன இரு பாதிகளும்

முகத்தையும் அலங்காரத்தையும் தனித்தனிப் பொருள்களாகக் கருதும் போக்கு அதன் எல்லையைத் தொட்டது மைக்கா ஓவியங்களில். காக்காப்பொன் எனப்படும் மைக்காத் தகட்டில் வரையும் சிறு படங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி பெயர்பெற்றிருந்தது. வட இந்தியாவில் பாட்னா, முர்ஷிதாபாத் ஆகிய ஊர்களிலும் இவை செய்யப்பட்டன. இவற்றில் ஒரு வகை விளையாட்டுப் பொருள் போன்றது. ஓர் அட்டையில் தலை மட்டும் வரையப்பட்டிருக்கும். கூடவே பல மைக்காத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் உடை, முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெற்றாக. தகட்டை அட்டையின் மேல் வைத்தால் அதே முகம் அரசனாகும், காவலாளியாகும், துறவியாகும். வாங்கிய குடும்பங்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். கம்பெனி ஓவியத்தில் மறைந்திருந்த எண்ணத்தை இந்தத் தகடுகள் ஒளிவில்லாமல் காட்டிவிட்டன.

அடுத்து வந்தது காமிரா. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். பிரிட்டனின் ஆலைகள் இந்தியச் சந்தைக்கு ஏற்ற துணியைத் தயாரிக்க உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே வாட்சன், ஜான் வில்லியம் கேயுடன் சேர்ந்து 1868 முதல் 1875 வரை இந்திய மக்களின் புகைப்படங்களை எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். நீர்வண்ண ஓவியர் ஒரே தாளில் சேர்த்து வைத்திருந்த இரண்டும் பிரிந்தன. துணி ஒரு புத்தகத்துக்கும் முகம் இன்னொரு புத்தகத்துக்கும் போயின. கம்பெனி ஓவியத்துக்கு வேலை இல்லாமல் போனதற்குக் காமிரா ஒரு காரணம் என்று எல்லா நூல்களும் சொல்லும். துணி வணிகத்தின் பங்கும் அதில் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிந்த பாதிகளை மீண்டும் சேர்த்து வைத்தவர்கள் ஊர் ஸ்டூடியோக்களின் ஓவியர்கள். கருப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் நீர்வண்ணத்தைத் தடவி, கன்னத்துக்குச் சிறிது சிவப்பும் நகைக்கு மஞ்சளும் கொடுத்து, சேலைக்கு ஜரிகைக்கரையைத் தூரிகை நுனியால் எழுதினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வேறு பல ஊர்களின் வீட்டுச் சுவர்களிலும் இத்தகைய படங்களை இன்றும் காணலாம். கலை விமர்சனம் இவற்றை அதிகம் பொருட்படுத்தியதில்லை. ஆனால் முகம் ஒரு குறிப்பிட்ட மனிதருடையதாகவும், பெயர் வீட்டாருக்குத் தெரிந்ததாகவும், அலங்காரம் அவருக்காகவே கையால் எழுதப்பட்டதாகவும் ஒருங்கே அமைந்தது இங்கேதான். காமிரா முன் பருத்தி உடுத்தி நின்றவருக்கும் ஓவியர் பட்டுக்கரை எழுதிக் கொடுத்துவிட முடியும். அது பொய்யா, மரியாதையா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது.

எஸ். ராஜம்: பெயருக்கு முகம் தேடியவர்

எஸ். ராஜம் (1919–2010) கருநாடக இசைப் பாடகர், ஓவியர், இளமையில் திரைப்பட நடிகர். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-இல் வெளிவந்த சீதா கல்யாணம் படத்தில் இராமனாக நடித்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். அங்கு அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். பள்ளி கற்பித்த ஐரோப்பிய உடற்கூற்று முறையைவிட அஜந்தா, சித்தன்னவாசல் சுவர்களின் கோடு ராஜத்தை ஈர்த்தது.

அவர் கையாண்டது நீர்வண்ணத்தில் வாஷ் எனப்படும் முறை. வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து, மிகையான நிறத்தைக் கழுவி, உலரவிட்டு மீண்டும் தீட்டி மீண்டும் கழுவுவது. 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்கள் யொகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகியோரிடமிருந்து அபனீந்திரநாத் எடுத்துக்கொண்ட முறையிலிருந்து வளர்ந்தது அது. கழுவக் கழுவ நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து மூடுபனி போன்ற ஒளி கிடைக்கும். இறுதியில் கோடு திரும்ப எழுதப்படும்.

தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரையும் தமிழகம் இன்று மனத்தில் காண்பது பெரும்பாலும் ராஜம் வரைந்த உருவங்களின் வழியாகத்தான். சபா மேடைகளிலும் வீட்டுப் பூசையறைகளிலும் அச்சுப்படிகளாக அவை பரவின. கம்பெனி ஓவியரின் சிக்கலுக்கு நேர் எதிரான சிக்கல் ராஜத்துடையது. அவர்களுக்கு எதிரில் ஆள் நின்றிருக்கலாம், ஆனால் பெயர் தேவைப்படவில்லை. இவருக்குப் பெயர்கள் இருந்தன. எதிரில் நிற்க யாரும் இல்லை. வாய்வழிச் செய்திகளிலிருந்தும் பாடல்களின் இயல்பிலிருந்தும் முகத்தை உருவாக்க வேண்டியிருந்தது. பாடகர் என்பதால் கருவியைப் பிடிக்கும் கையிலும் பாடும்போது சாயும் தலையிலும் அவர் தவறுவதில்லை. நீண்ட விரல்களும் பாதி மூடிய கண்களும் இசையில் மூழ்கியவரின் உடலை நம்பும்படி காட்டுகின்றன.

அலங்காரத்தில் ராஜம் அறிஞர். அணிகலன், கொண்டை, மேலாடைக் கோடு ஆகியவை சுவரோவியங்களையும் நூல்களையும் ஊன்றிப் படித்தவரின் தேர்வுகள். கோலத்தை அவர் அடக்கமாகவே பயன்படுத்துகிறார். முகத்தைச் சுற்றி வெறுமையான ஒளியை விட்டு, அணியும் கரையும் அந்த ஒளியின் ஓரத்தில் மெல்லிய கோடுகளாக நிற்கும்படி செய்கிறார். கம்பெனி ஓவியத்தில் துணி முகத்தை விழுங்கியது. இங்கே அது நடப்பதில்லை. இந்த வெற்றியின் பெருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அவரது துணியை எந்தத் தறியிலும் ஏற்ற முடியாது. கழுவிக் கரைத்த முறையில் கரையின் ஓரம் மங்குகிறது. கோடு திரும்ப எழுதப்படும்போது அது அஜந்தாவின் கோடாக வருகிறது. தீட்சிதரும் சாஸ்திரியும் வாழ்ந்த தஞ்சை வட்டாரத்தில், அவர்கள் வாழ்ந்த அதே ஆண்டுகளில், முன்சொன்ன ஓவியர்கள் ஒவ்வொரு கரையையும் பதிவுசெய்துகொண்டிருந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மண்ணில் ஒருவர் உடுத்திய வேட்டி எப்படி இருந்தது என்பதற்கு அத்தனை சான்று இருந்தும், ராஜத்தின் மனிதர்கள் காலமற்ற ஒரு துணியை உடுத்துகிறார்கள். தெய்வங்களுக்கு அது பொருந்தும். கடனும் பயணமும் குடும்பமும் இருந்த மனிதர்களுக்கு அது முழுமையாகப் பொருந்தாது. அவருடைய முகங்கள் காலப்போக்கில் ஒன்றையொன்று ஒத்திருக்கத் தொடங்கியதற்கும் இந்தக் காலமற்ற தன்மைக்கும் தொடர்பு உண்டு எனலாம்.

ஐரோப்பாவில் குஸ்தாவ் கிளிம்ட் 1907-இல் முடித்த அடேல் பிளோக்-பாவர் உருவப்படம் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். முகமும் கைகளும் கனபரிமாணத்தோடு இருக்க, உடையும் நாற்காலியும் பின்னணியும் பொன்னில் தட்டையான கோலங்களாகக் கலந்துவிடுகின்றன. அது எண்ணெய்வண்ணம், பொன்தகடு, நீர்வண்ணம் அன்று. ஆனால் தஞ்சை ஓவியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நின்ற அதே சந்திப்பில் கிளிம்ட் நிற்கிறார். அவர் செய்தது நவீனம் என்றும் இவர்கள் செய்தது தடுமாற்றம் என்றும் பாடநூல்கள் எழுதியது ஏன் என்பதை மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைய நிரப்பல்

தற்போது பரவியுள்ள முறையில் முகம் கைபேசிப் படத்திலிருந்து நீர்வண்ணத்தில் நகலெடுக்கப்படுகிறது. தலைமுடி, சேலை, பின்னணி ஆகியவை மண்டலா வட்டங்களாலும் சென்டாங்கிள் வகை நிரப்பல்களாலும் மூடப்படுகின்றன. சென்டாங்கிள் என்பது அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் ஆகிய இருவர் 2000-களில் வகுத்த பயிற்சி முறை. சிறு சதுரத் தாளில், முன்திட்டம் இல்லாமல், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மனத்தை அமைதிப்படுத்துவது அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அது ஏற்றதே. உருவப்படத்துக்குள் கொண்டுவரும்போது சிக்கல் எழுகிறது. படத்தில் உள்ள பாட்டிக்கும் அந்த வட்டங்களுக்கும் உறவில்லை. அவரை எடுத்துவிட்டு ஒரு யானையை வைத்தாலும் கோலம் அப்படியே இருக்கும். மைக்காத் தகட்டின் வெற்றுமுகம் புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

வேலையின் வரிசையும் இதில் பங்கு வகிக்கிறது. நீர்வண்ணத்தில் ஒளி தாளிலிருந்து வருகிறது. வெள்ளையை மூடிவிட்டால் மீட்பது கடினம். முகத்தை மெல்லிய அடுக்குகளாக முடித்தபின் மீதி இடத்தைக் கருப்பு மைப் பேனாவால் நிரப்பினால், படத்தின் மிகக் கருமையான பகுதி முகத்துக்கு வெளியே போய்விடும். கண் அங்கேயே நிற்கும். கம்பெனி ஓவியர்கள் துணியை ஒளிபுகா வண்ணத்தில் எழுதியபோதும் கோட்டின் அடர்த்தியைக் கண்ணின் கருமணிக்கு மேல் போகவிடுவதில்லை. ஸ்டூடியோ ஓவியர்களும் புகைப்படத்தின் நிழலே கருமையை ஆளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோலத்தை முதலில் மங்கிய பென்சிலில், மடிப்போடு சேர்த்துத் திட்டமிட்டு, முகத்தின் கடைசி அடுக்கு உலர்ந்த பிறகு அதன் கருமைக்கு ஏற்பக் கோட்டை அழுத்துவது கூடுதல் நேரம் பிடிக்கும் வழி. உலகெங்கும் நல்ல நீர்வண்ணக்காரர்கள் கடைப்பிடிப்பது ஏறத்தாழ இதுதான்.

தேவிகாபுரம் போன்ற ஊரில் வளரும் மாணவருக்குக் கோலத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டிய தேவை இல்லை. போளூர் வட்டத்துத் திருமலையில் சமணக் கோயில் ஓவியங்களின் வட்டங்களும் பூக்கொடிகளும் இருக்கின்றன. வீட்டிலோ அடுத்த வீட்டிலோ துளையிட்ட அட்டைச் சங்கிலிகள் தொங்குகின்றன. ருத்ராட்சம், மல்லிமொக்கு, தாழம்பூ, வைரஊசி என்று பட்டு நெசவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. எத்தனை கொக்கியில் எது விழும் என்ற கணக்கும் உண்டு. நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்திருந்த ஒரு பெண்ணை நீர்வண்ணத்தில் வரைந்து, அவர் எந்தக் கரையை அதிகம் நெய்தாரோ அந்தக் கரையை, மறைந்த புட்டாக்களையும் எண்ணி, அவர் மேலேயே எழுதலாம். 1837-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சாதிப் பெயர் இருந்த இடத்தில், படத்தின் அடியில், அவருடைய பெயரை எழுதலாம்.